விண்டோ: புகைவீட்டில் பிறந்த சொல்

ஒரு சராசரி ஆங்கில வீட்டின் பாகங்களுக்கெல்லாம் ஆங்கிலப் பெயர் என்று நினைத்தால் தப்பு. 'டோர்' அந்த மொழியின் ஆதிச்சொல். சுவரைக் குறிக்கும் 'வால்' ரோமானியர்கள் விட்டுப்போன லத்தீன். புகைபோக்கியைக் குறிக்கும் 'சிம்னி' பிரெஞ்சு. ஜன்னலைக் குறிக்கும் 'விண்டோ' வடக்கே ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்த வைக்கிங்குகள் கொண்டுவந்தது.

சொற்களின் பூர்வீகத்தைத் தேடிப் படிப்பது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். அப்படிப் படித்ததில் மனதை விட்டு அகலாத ஒன்று இந்த விண்டோ. முதல் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சொல், படம் போட்டுச் சொல்லிக்கொடுக்கும் சொல். ஆனால் அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கண்ணாடி இல்லை, வெளிச்சம் இல்லை, வேடிக்கை பார்ப்பதும் இல்லை. புகை சூழ்ந்த ஓர் இருட்டு வீடும், அதில் மூச்சுவிடத் தவித்த மனிதர்களும்தான் இருக்கிறார்கள்.

வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'விண்டர்' என்றால் காற்று, 'அவ்கா' என்றால் கண். இரண்டும் சேர்ந்து 'விண்டவ்கா', காற்றின் கண். அதுதான் ஆங்கிலத்துக்குள் வந்து, வாய்க்கு வாய் தேய்ந்து, 13ஆம் நூற்றாண்டுக்குள் விண்டோ ஆகிவிட்டது.

அந்த நார்ஸ் வீடுகளைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். நீளமான ஒற்றைக்கூடம். நடுவில் தரையோடு தரையாக அடுப்புக்குழி. சமையல், குளிர்காய்தல், இரவு வெளிச்சம் எல்லாம் அந்த ஒரே நெருப்பில். புகைபோக்கி என்ற ஏற்பாடே கிடையாது. கூரையில் விட்டிருக்கும் ஓட்டை வழியாகப் புகை தானே வழி கண்டுபிடித்துப் போக வேண்டும். மழையும் பனியும் மிஞ்சினால், விலங்கின் மெல்லிய சவ்வை ஒரு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி அதை மூடுவார்கள். அப்படிப்பட்ட வீட்டில், காற்று வந்துபோகிற துளைக்குக் காற்றின் கண் என்று ஒருவர் பெயர் வைத்திருக்கிறார். அவருக்கு வெளியே பார்க்கும் ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. கண் எரியாமல் இருந்தால் போதும் என்றுதான் இருந்திருக்கும்.

எனக்கு இதைப் புரிந்துகொள்ள அகராதியைவிட எங்கள் ஊர்ச் சமையலறைதான் உதவியது. நாட்டு ஓடு வேய்ந்த வீடு, விறகடுப்பு. ஈர விறகு வைத்த நாளில் ஊதுகுழலோடு குனிந்திருக்கும் அப்பத்தாவின் முகமே தெரியாது. சுவரின் மேல்விளிம்பில், கூரைக்குச் சற்றுக் கீழே, இரண்டு செங்கல் அளவுக்கு ஒரு திறப்பு இருந்தது. அது வெளிச்சத்துக்கு அல்ல. வெளிச்சத்துக்குத் தனியாக ஓடுகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி ஓடு செருகியிருந்தார்கள். ஒளிக்கு ஒரு வழி, காற்றுக்கு ஒரு வழி. இரண்டும் வெவ்வேறு தேவை என்பது அந்த வீட்டைக் கட்டியவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. இன்று ஒரே சட்டத்துக்குள் இரண்டையும் அடக்கி, பிறகு அதில் ஒன்றை மறந்தும் போய்விட்டோம்.

வைக்கிங்குகள் வருவதற்கு முன் ஆங்கிலேயர்கள் ஜன்னல் இல்லாமலா இருந்தார்கள்? இருந்தது, அதற்குச் சொல்லும் இருந்தது. 'ஏயக்துரல்' என்றார்கள்: கண் துளை. 'ஏயக்துரு' என்றும் சொன்னார்கள்: கண் கதவு. 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற ஆயர் விவிலியத்தைக் கோத் மொழிக்குக் கொண்டுவந்தபோது, தமஸ்கு நகர மதிலிலிருந்து பவுலைக் கூடையில் வைத்து இறக்கிவிடும் இடத்தில் அவர் போட்ட சொல்லும் 'அவ்கதவ்ரோ', அதே கண் கதவுதான். ஆக, ஆங்கிலமும் நார்ஸும் கோத் மொழியும் சேர்ந்த ஜெர்மானிய மொழிக் குடும்பத்துக்கு ஜன்னலைக் கண்ணாகப் பார்ப்பது பழைய வழக்கம்.

ஏயக்துரல் செத்துப்போனாலும் அதில் பாதி இன்னும் உயிரோடு இருக்கிறது. 'துரல்' என்றால் துளை. மூக்கின் துளை 'நோஸ்துரல்'. அதுதான் இன்றைய 'நாஸ்ட்ரில்'. துளைப்பது என்ற அந்த வினையிலிருந்து வந்ததுதான் 'திரில்' என்ற சொல்லும். ஒரு காலத்தில் ஊடுருவிக் குத்துவது என்று மட்டும் பொருள். பிறகு உணர்ச்சி ஊடுருவுவதற்கு ஆனது. நம் 'துளை'யோடு ஒலி ஒத்துப்போகிறதே என்று யாராவது ஆசைப்பட்டால், அது தற்செயல் மட்டுமே. இந்த மாதிரி ஒலி ஒற்றுமையை வைத்து உறவு கொண்டாடும் பழக்கம் நம்மிடம் அதிகம். இதில் நான் கறாராக இருக்க விரும்புகிறேன்.

793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையடித்ததில் தொடங்குகிறது இங்கிலாந்தில் வைக்கிங்குகளின் கதை. 865இல் பெரும்படை வந்தது, அடுத்த ஆண்டே யார்க் விழுந்தது. கொள்ளையடிக்க வந்தவர்கள் நிலம் பிடித்து உழுதார்கள், உள்ளூர்ப் பெண்களைக் கட்டினார்கள், குடும்பம் நடத்தினார்கள். படையெடுப்பவன் தரும் சொற்கள் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரன் தரும் சொற்கள்தான் அடுக்களை வரைக்கும் வரும். ஆங்கிலத்தில் நார்ஸ் மொழி விட்டுப்போன சொற்களைப் பாருங்கள்: முட்டையைக் குறிக்கும் 'எக்', கத்தியைக் குறிக்கும் 'நைஃப்', கணவனைக் குறிக்கும் 'ஹஸ்பண்ட்', வானத்தைக் குறிக்கும் 'ஸ்கை', 'அவர்கள்' என்று பொருள்படும் 'தே'. இவற்றோடு விண்டோ. அயர்லாந்திலும் இதே கதைதான். டப்ளின் வைக்கிங்குகளின் துறைமுகமாக வளர்ந்த ஊர். ஐரிஷ் மொழியில் இன்றும் ஜன்னலுக்கு 'ஃபுயின்யோக்'. அதுவும் விண்டவ்காவின் பிள்ளை.

1066க்குப் பிறகு நார்மானியர் ஆட்சி வந்தபோது, அவர்களின் பிரெஞ்சிலிருந்து 'ஃபெனஸ்டர்' வந்தது. அதன் தாய் லத்தீன் 'ஃபெனஸ்ட்ரா'. ஜெர்மன் அதைத்தான் எடுத்துக்கொண்டது, ஸ்வீடனும் எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் விண்டோவும் ஃபெனஸ்டரும் சில நூற்றாண்டுகள் அக்கம்பக்கமாக வாழ்ந்தன. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் ஃபெனஸ்டர் வழக்கொழிந்தது. பிற்பாடு அந்த லத்தீன் வேர் ஒரு விநோதமான வேலைக்காகத் திரும்ப வந்தது. 1618 மே 23 அன்று பிராக் கோட்டையில் அரசப் பிரதிநிதிகள் இருவரையும் அவர்களின் செயலரையும் ஜன்னல் வழியே தூக்கி வெளியே எறிந்தார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள், முப்பதாண்டுப் போர் மூண்டது. ஜன்னல் வழியே எறிவதற்கென்றே 'டிஃபெனஸ்ட்ரேஷன்' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் இருப்பது இதனால்தான்.

சரி, காற்றின் கண்ணுக்குக் கண்ணாடி எப்போது வந்தது?

674இல் வியர்மவுத்தில் மடம் கட்டிய பெனடிக்ட் பிஸ்காப், பிரான்ஸ் பகுதியிலிருந்து கண்ணாடித் தொழிலாளர்களை வரவழைத்தார். பீட் என்ற துறவி இதைப் பதிவுசெய்திருக்கிறார். அந்தத் தொழில் தெரிந்தவர் இங்கிலாந்தில் அப்போது இல்லை. அதன் பிறகும் பல நூற்றாண்டுகளுக்குக் கண்ணாடி கோயிலுக்கும் கோட்டைக்கும்தான். மற்றவர்களுக்கு மரப்பலகை, எண்ணெய் தோய்த்த துணி, மெல்லியதாகச் சீவிய கொம்பு. 1567இல்கூட ஆல்னிக் கோட்டையில், பிரபு ஊரில் இல்லாத காலத்தில் ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றிப் பத்திரமாக எடுத்து வைக்கலாம் என்று கணக்கெடுத்தவர் யோசனை எழுதினார். நகை மாதிரி, வேண்டும்போது போட்டுக்கொள்ளும் பொருள். அதற்கு முப்பது ஆண்டுக்குள் டெர்பிஷரில் ஹார்ட்விக் மாளிகை எழுந்தது. சுவரைவிடக் கண்ணாடி அதிகம் என்று மக்கள் அதை எதுகை வைத்துப் பாடினார்கள். காசு உள்ளவர் காசைக் காட்டிய இடம் ஜன்னல்.

இந்தக் காலத்தில்தான், என் பார்வையில், முக்கியமான மாற்றம் நடக்கிறது. நடுக்கூடத்து நெருப்பு சுவரோரம் போய்ச் சேர்ந்தது, சிம்னி வந்தது, புகை வெளியேறும் வேலையைச் சிம்னி எடுத்துக்கொண்டது. கண்ணாடி வந்து காற்றைத் தடுத்தது. காற்றின் கண்ணிடமிருந்து காற்றைப் பிடுங்கியாகிவிட்டது. மிஞ்சியது வெளிச்சமும் வேடிக்கையும். பெயர் மட்டும் பழைய வேலையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, அதை யாரும் காதில் வாங்குவதில்லை.

பழைய கண்ணாடியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பழம்பெரும் கட்டடங்களில் ஜன்னல் கண்ணாடியின் அடிப்பக்கம் தடித்திருப்பதைக் காட்டி, கண்ணாடி ஒரு திரவம், நூற்றாண்டுகளில் மெல்ல வழிந்திருக்கிறது என்று பள்ளியிலேயே சொல்லித் தருகிறார்கள். அது சரியல்ல. அந்தக் காலத்தில் உருகிய கண்ணாடிக் குமிழை ஒரு கம்பியின் நுனியில் வைத்து வேகமாகச் சுழற்றி, தோசை போல வட்டமாக விரியச் செய்வார்கள். வட்டத்தில் தடிமன் ஒரே சீராக இருக்காது. வெட்டிய துண்டில் தடித்த பக்கத்தைப் பொருத்துபவர் பெரும்பாலும் கீழே வைத்தார். மேலே வைத்த ஜன்னல்களும் உண்டு. நடுவில் கம்பி ஒட்டியிருந்த இடத்தில் ஒரு வடு விழும். அந்தத் துண்டு மட்டமானது என்று மலிவாகப் போகும். சீரான, அலையில்லாத கண்ணாடி எளிதாகக் கிடைத்தது, உருகிய தகரத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிடும் முறையை அலஸ்டர் பில்கிங்டன் உருவாக்கிய பிறகுதான். அந்த முறையை உலகுக்கு அறிவித்தது 1959இல். இன்று நம் வீட்டு ஜன்னலில் இருப்பதும் அந்த வகைதான்.

ஜன்னலின் கதையில் எனக்கு மிகவும் கோபம் வரும் பகுதி, ஜன்னலுக்கே போட்ட வரி. அதற்கு முன் இங்கிலாந்தில் அடுப்பு வரி இருந்தது. 1662இல் வந்து 1689இல் போனது. அடுப்பை எண்ண அதிகாரி வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்பது மக்களுக்குப் பெரிய வெறுப்பு. 1696இல் மூன்றாம் வில்லியம் காலத்தில் அதற்கு மாற்றாக ஜன்னல் வரி வந்தது. தெருவில் நின்றே எண்ணிவிடலாம், உள்ளே போக வேண்டாம். வீட்டுக்கு 2 ஷில்லிங் அடிப்படை. ஜன்னல் பத்தைத் தொட்டால் கூடுதல், இருபதைத் தாண்டினால் இன்னும் கூடுதல். வசதியானவர் வீட்டில்தானே ஜன்னல் அதிகம் என்பது கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்று 1776இலேயே ஆடம் ஸ்மித் காட்டினார். சிற்றூரில் ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு வாடகை போகும் வீட்டில், லண்டனில் ஐந்நூறு பவுண்டு வாடகை போகும் வீட்டைவிட அதிக ஜன்னல் இருக்கலாம் என்றார்.

மக்கள் என்ன செய்தார்கள்? செங்கல் வைத்து ஜன்னலை அடைத்தார்கள். இங்கிலாந்தின் பழைய தெருக்களில் ஜன்னல் சட்டத்தின் வடிவம் மட்டும் தெரிய, உள்ளே செங்கல் அடைத்த சுவர்களை இன்றும் பார்க்கலாம். சில இடங்களில் அது கட்டடத்தின் சமச்சீருக்காக முதலிலேயே வைத்த பொய் ஜன்னலாகவும் இருக்கும். எல்லாவற்றையும் வரியின் தலையில் கட்டிவிட முடியாது. ஆனால் பல குடும்பங்கள் ஒண்டியிருந்த வாடகை வீடுகளுக்குப் பொதுவாக ஒரே வீடு என்றுதான் வரி விழுந்தது. வீட்டுக்காரர் வரியைக் குறைக்க ஜன்னலை அடைத்தார். இருட்டிலும் புழுக்கத்திலும் கிடந்தது வாடகைக்காரர். 1781இல் கார்லைல் நகரில் டைஃபஸ் காய்ச்சல் பரவியபோது, ஜான் ஹேஷம் என்ற மருத்துவர் அதன் தடத்தைப் பின்தொடர்ந்து, ஏழைக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். வரிக்குப் பயந்து அடைக்க முடிந்த ஜன்னலையெல்லாம் அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். டைஃபஸைப் பரப்புவது பேன் என்பது 1909இல்தான் தெரியவந்தது. அடைத்த ஜன்னல் நேரடிக் காரணம் இல்லை. ஆனால் அந்த நெருக்கத்தையும் அழுக்கையும் இருட்டையும் மூச்சுமுட்டலையும் ஒரு வரி கூட்டிக்கொடுத்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பகல்கொள்ளையைக் குறிக்கும் 'டேலைட் ராபரி' என்ற ஆங்கிலத் தொடர் இந்த வரியிலிருந்து பிறந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். வெளிச்சத்தைத் திருடியதால் அந்தப் பெயர் என்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது, காலம்தான் பொருந்தவில்லை. அநியாய விலை என்ற பொருளில் அந்தத் தொடர் வழக்குக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டில். வரி ஒழிந்தது 1851இல். அதே 1851இல்தான் லண்டன் ஹைட் பார்க்கில் இரும்பாலும் கண்ணாடியாலும் எழுப்பிய கிரிஸ்டல் பேலஸ் மே மாதம் திறந்தது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் கண்ணாடி மீதான தனி வரியும் போயிருந்தது. பிரான்ஸ் 1798இல் தொடங்கிய கதவு-ஜன்னல் வரியை 1926 வரை விடவில்லை.

கண்ணாடி மலிந்த அந்தக் காலத்தில் ஜன்னலின் பழைய வேலையை நினைவூட்டியவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். செவிலியம் பற்றிய அவருடைய நூலில் முதல் விதியே, நோயாளி சுவாசிக்கும் காற்று வெளிக்காற்றைப் போலத் தூய்மையாக இருக்க வேண்டும், ஆனால் அவரைக் குளிர வைக்கக் கூடாது என்பது. நீண்ட கூடங்களில் எதிரும் புதிருமாக உயரமான ஜன்னல்கள் வைத்த மருத்துவமனைகள் அந்தச் சிந்தனையில் எழுந்தவை. அவருக்கு நார்ஸ் மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. விண்டோ என்றால் என்ன என்று அந்தச் சொல்லை உருவாக்கியவர்களுக்கு அடுத்தபடியாகப் புரிந்தவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றும்.

இப்போது உலகத்தைக் கொஞ்சம் சுற்றிப் பார்க்கலாம், ஏனென்றால் இந்தச் சொல் தனியாக இல்லை. ஸ்பானிய மொழியில் ஜன்னல் 'வெந்தானா'. உள்ளே இருப்பது 'வெந்துஸ்' என்ற லத்தீன் காற்று. ரஷ்ய மொழியில் 'அக்னோ', கண்ணைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது. சமஸ்கிருதத்தில் இரண்டும் உண்டு: 'வாதாயனம்' காற்றின் வழி, 'கவாட்சம்' காளையின் கண். காற்றைக் குறிக்கும் ஆங்கில 'விண்ட்'டும் லத்தீன் வெந்துஸும் சமஸ்கிருத வாதமும் ஒரே பழைய வேரின் கிளைகள்.

தமிழ் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. ஆனால் இளங்கோவடிகள் புகாரின் மாளிகைகளைப் பாடும்போது 'மான்கண் காலதர் மாளிகை இடங்களும்' என்கிறார். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி, அதுவும் மானின் கண் வடிவில். வடகடல் ஓரத்துப் புகைவீட்டில் ஒருவருக்குத் தோன்றிய அதே இரண்டு எண்ணங்கள், கண்ணும் காற்றும், எந்தத் தொடர்பும் இல்லாமல் காவிரி கடலில் கலக்கும் ஊரில் ஒரே அடியில் வந்து நிற்கின்றன. இதை முதலில் கவனித்த நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை. மதுரைக்காஞ்சியோ 'சில்காற்று இசைக்கும் பல்புழை நல்லில்' என்கிறது. அங்கே ஜன்னல் வழியே காற்று வருவதோடு நிற்கவில்லை, பாடுகிறது. கண் என்பதும் நமக்குப் புதிதல்ல. சல்லடைக்குக் கண், பாலத்துக்குக் கண், தேங்காய்க்கு மூன்று கண். பல கண் கொண்டது பலகணி. இன்று ஒலி ஒப்புமையால் பால்கனிக்கு அந்தச் சொல்லைப் போடுகிறார்கள். அது நல்ல சொல்லை வீணாக்குவது. பலகணி ஜன்னல்தான்.

நாம் அன்றாடம் சொல்லும் ஜன்னல், போர்ச்சுக்கீசிய 'ஜனேலா'. சாவியும் அலமாரியும் வந்த அதே கப்பலில் வந்தது. வங்காளியின் 'ஜானாலா', சிங்களவரின் 'ஜனேலய', மலாய்க்காரரின் 'ஜெண்டேலா' எல்லாம் அதன் உடன்பிறப்புகள். ஜனேலாவின் மூலம் 'யானுவா' என்ற லத்தீன் கதவு. ஜன்னல் என்றால் சின்னக் கதவு. ஆண்டின் வாசலாக நிற்கும் ஜனவரிக்கும் இதே உறவுதான். ஆக, நாம் காலதரை விட்டுவிட்டுச் சின்னக் கதவை எடுத்துக்கொண்டோம். ஜன்னலை நான் குறை சொல்லவில்லை. ஐந்நூறு ஆண்டு நம் வாயில் புழங்கிய சொல் அது, நம்முடையதுதான்.

விண்டோ பிற்காலத்தில் எடுத்த பொருள்களில் காற்று துளியும் இல்லை. கடைக் கண்ணாடியை வேடிக்கை பார்த்தபடி நடப்பது, டிக்கெட் கொடுக்கும் துவாரம், முகவரி தெரியும்படி உறையில் வெட்டிய சதுரம், ராக்கெட் ஏவ வாய்க்கும் குறுகிய நேரம். 1943 ஜூலையில் ஹாம்பர்க் மீது குண்டு வீசப் போன பிரிட்டிஷ் விமானங்கள் ராடாரைக் குழப்ப உலோகத்தாள் பட்டைகளைக் கொட்டின. அந்த உத்திக்கு ரகசியப் பெயர் 'விண்டோ'. 1985 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸை வெளியிட்டது. அந்த முதல் பதிப்பில் ஒரு சாளரத்தின் மேல் இன்னொன்றை வைக்க முடியாது, பக்கம் பக்கமாகத்தான் அடுக்க வேண்டும். தமிழில் கணினி பற்றி எழுதுபவர்கள் இதற்குச் சாளரம் என்ற பழைய சொல்லை எடுத்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தென்றல் நுழைந்த சாளரம் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது.

நம் வீடுகளில் காற்றுக்கென்றே மிச்சமிருக்கும் ஒரு திறப்புக்குக் கொத்தனார்கள் 'வென்டிலேட்டர்' என்று பெயர் சொல்வார்கள். ஜன்னலுக்கு மேலே, கூரையை ஒட்டி, சாய்ந்த சிமெண்ட் பலகைகளோ கம்பியோ வைத்தது. சூடான காற்று மேலே ஏறும், அந்த வழியாக வெளியேறும், கீழ் ஜன்னலில் புதுக்காற்று நுழையும். அதன் பெயரிலும் இருப்பது அதே லத்தீன் வெந்துஸ். ஏ.சி. வைக்கப்போகிறோம் என்று சொன்னதும் வரைபடத்திலிருந்து முதலில் அடிபடுவது இதுதான். சித்திரை வெயிலில் மின்சாரம் போகும் நாள்கள் நமக்குத் தெரியாதவை அல்ல. வீடு கட்டப்போகும் நண்பர்கள் யோசனை கேட்டால், வரைபடத்தில் அந்தக் கோடு மட்டும் அழிய விடாதீர்கள் என்று சொல்கிறேன்.